பால் கட்டிய காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் என் தம்பி மனைவிக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான், நாலு தையல், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். பால் கட்டியிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றார் எங்கள் அம்மா. தீட்டில் கெட்ட வாடை வருகிறது என்று அவள் கூச்சத்தோடு என்னிடம் சொன்னபோது, பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவள் நான். ஏழாம் நாள் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. 108-ஐக் கூப்பிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தால், கர்ப்பப்பையில் கிருமி தொற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. பத்து நாள் ஊசி.

தீட்டுத் துணியை எங்கே காயப்போட்டீர்கள் என்றும் அவர் கேட்டார். ஐப்பசியில் இங்கே வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்தோம், ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்று பின்பக்கக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் போடுவோம், மூன்று நாள் ஆனாலும் தொட்டால் சில்லென்று இருக்கும். அதையே மடித்து அவளுக்குக் கொடுத்தோம். மலையில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது.

மாதாமாதம் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன், சத்து மாத்திரை எல்லாம் நன்றாகவே பார்க்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னாராம், வலியும் தூக்கமுமாக இருந்தவளுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அதனால் ஏழாம் மாதமே சொல்லுங்கள், கூட வரும் அம்மாவையும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நாற்பது நாளும் வீட்டில் அவர்கள் சொல்வதுதான் நடக்கும்.

பெரிய பாடம் ஒன்றும் இல்லை. துணியோ பேடோ நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துணி என்றால் நன்றாக வெயிலில் காய வேண்டும், வெயில் இல்லாத மாதத்தில் பேடுதான் நல்லது. கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும், தையலில் மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. அப்புறம் முக்கியமானது, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, அடிவயிறு வலித்தாலோ, தீட்டு நாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பால் கட்டினாலும் காய்ச்சல் வரும்தான், ஆனால் எந்தக் காய்ச்சல் என்று வீட்டில் உட்கார்ந்து நம்மால் சொல்ல முடியாது.

எங்கள் லயனில் இன்னும் இரண்டு பெண்களுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். சுகாதாரத் துறையிலிருந்து யாராவது அதற்குள் ஒரு நாள் வந்து பேசினால், வாசலில் பாய் விரித்து எல்லோரையும் கூட்டிவைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்