ஊர்க்கூடத்தின் மேல்தளத்துக்கு ரப்பர் விரிப்பு: நன்கொடை வேண்டுகோள்

மரியே வாழ்க!

அன்பார்ந்த பங்கு மக்களே, வெளிநாட்டில் உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே,

புரட்டாசி முடிவதற்குள், ஒழுகும் நம் ஊர்க்கூடத்தின் மேல்தளத்தை விரிப்புப் போட்டு மூடியாக வேண்டும். ரூ.1,65,000 குறைகிறது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியை இழந்து, உடுத்திய துணியோடு இந்தக் கரையில் வந்து நின்றவர்கள் நம் பெரியவர்கள். தங்கள் குடிசைக்கே கீற்று பற்றாத நாளில், கடல் பாட்டில், அதாவது மீன்பிடி வருமானத்தில், ஒரு பங்கை ஒதுக்கி, பெண்கள் பிடியரிசி சேர்த்து எழுப்பிய கூடம் இது. புயல் என்றால் இன்றும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது இங்கேதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. கொட்டியபோது, இதே கூடத்துக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தோம்.

மேல்தளத்துக்குள் உப்பேறிய கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைத் தள்ளுகிறது. தகரம் போட்டால் கடல் காற்று தின்றுவிடும். தார்ஷீட் வெயிலில் வெடிக்கும். அதனால்தான் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பு. வெயிலுக்கும் உப்புக்கும் அசையாது, அகலமாக வருவதால் ஒட்டு குறைவு, ஒழுங்காகப் போட்டால் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும்; மேலே வெள்ளைப் பூச்சு வேண்டும். ஓரங்களைப் பட்டை வைத்து இறுக்காவிட்டால் காற்று கிளப்பிவிடும். டீசலோ கிரீஸோ மீன் எண்ணெயோ பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஒரு தூண்டில் முள் போதும், ஓட்டை. ஆகவே இனி மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது, அக்காமார் கோபிக்க வேண்டாம். ஈரத் தளத்தில் பசை பிடிக்காது; அதனால்தான் மழைக்கு முன் என்று இத்தனை அவசரம்.

விரிப்பும் பசையும் ரூ.2,88,000. கம்பி, காரை வேலை ரூ.1,10,000. பூச்சு, ஓரப் பட்டை, கூலி ரூ.52,000. ஆக மொத்தம் ரூ.4,50,000. கையில் ரூ.2,85,000.

அதைத் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சிங்கப்பூர், குவைத் பிள்ளைகள் கேட்குமுன்னே அனுப்பினார்கள். வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் ஒரு நாள் பாட்டை அப்படியே தந்தார்கள். தலைச்சுமையாகக் கருவாடு விற்கும் ஒரு பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து 2,000 ரூபாயை எண்ணி வைத்தார். அந்தோணியார் அவர்கள் அனைவரையும் காப்பார்.

சரி, மற்றவர்கள்? இந்தக் கூடத்தில் கல்யாணப் பந்தி போடாத வீடு நம் ஊரில் எது? வீட்டுக்கு ரூ.1,000-க்குக் குறையாமல் கேட்கிறோம். முடியாதவர்கள் இரண்டு நாள் ஆளாக வந்து நில்லுங்கள். மூன்று விசைப்படகு வைத்திருப்பவர்கள் ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரியவர்கள் கல்லறையில் புரள்வார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கெபி (மாதா சிலை இருக்கும் குகைக் கோயில்) அருகே பொருளாளர் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஊர்க்கூடத் திருப்பணிக் குழு