‘ஸேல்யே’ என்றால் விஷம் மட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரஷ்யக் கதையின் தமிழாக்கம் சரளமாக இருந்தது. ஆனால் கிழவி அடுப்பில் கொதிக்கவைக்கும் ‘ஸேல்யே’வுக்கு ‘விஷம்’ என்று அடிக்குறிப்பு போட்டது பெரும் அநியாயம். மருந்தா நஞ்சா என்று கடைசிப் பத்தி வரை நாம் தவிக்க வேண்டிய கதை அது. அடிக்குறிப்பு முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஸேல்யே மண்ணில் முளைத்த சொல்; முதலில் அது செடியைத்தான் குறித்தது. பச்சை நிறத்தைக் குறிக்கும் ‘ஸெலியோனி’யும், தானியப் பயிரைக் குறிக்கும் ‘ஸ்லாக்’கும் அதே வேரிலிருந்து வந்தவை. பல்கேரியரும் செக் மக்களும் முட்டைக்கோஸை அழைப்பது இதன் உடன்பிறப்புச் சொல்லால்தான். ரஷ்யத் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவியத்தில் உள்ள பைபிளின் கடுகுவிதை உவமையில், கடுகு வளர்ந்து எல்லா ஸேல்யேக்களையும்விடப் பெரிதாகிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தில், சிறுசெடி என்ற பொருளில், ‘பூண்டு’ என்று இருக்கிறது.

செடி மருந்தானதில் வியப்பில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜார் மன்னரின் மருந்தகத் துறைக்காக மூலிகை சேகரிப்பதும் ஜூனிப்பர் பழம் பறித்துக் கொடுப்பதும் மக்கள் தலையில் விழுந்த கட்டாயக் கடமை. பீட்டர் மன்னர் காலத்தில், 1706இல், மாஸ்கோவில் உருவான மூலிகைத் தோட்டத்துக்கு ‘அப்தேகர்ஸ்கி அகரோத்’ என்று பெயர். அப்தேகர்ஸ்கி என்றால் மருந்தகத்துக்குரிய; அகரோத் என்பது வீட்டுக் காய்கறித் தோட்டம். இன்று அது மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா.

மூலிகை அறிந்தவர் மீது எப்போதும் ஓர் அச்சமும் உண்டல்லவா? அதனால் நஞ்சும் வசிய மருந்தும் அதே பெயரைப் பெற்றன. என்னை அசத்தியது வேறொன்று. பழைய மாஸ்கோ ஆவணங்களில் வெடிமருந்தும் ஸேல்யேதான்! பீரங்கிக்கு ஒரு ஸேல்யே, கைத்துப்பாக்கிக்கு ஒரு ஸேல்யே. தூசியைக் குறித்த ‘போரஹ்’ என்ற சொல் பின்னாளில்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

சிவகாசிக்காரனான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பட்டாசில் அடைப்பதும் மருந்து, பருத்திக்குத் தெளிப்பதும் மருந்து. ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று சேதி வந்தால், எந்த மருந்து என்று கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

கதை நூலாக வரும்போது, கிழவியின் சட்டியில் ‘மருந்து’ கொதிக்கட்டும். அடிக்குறிப்பே தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகாசி.