‘தினமும் குடிப்பீங்களா?’ என்ற கேள்வி கடற்கரையில் செல்லாது

இராமநாதபுரம் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும், படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சமூகப் பணி செய்கிறேன். ஒரு வீட்டில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வந்தவர், படிவத்தில் மதுவுக்கென்று இருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்: “தினமும் குடிப்பீங்களா?” விசைப்படகுக்குப் போகும் அண்ணன், “சேச்சே, தினமும் இல்லம்மா” என்றார். பொய் சொல்லவில்லை. பூஜ்யம் விழுந்தது.

வாரத்தில் மூன்று நாள் கடல். கரையேறும் அன்றெல்லாம் ஒரு குவார்ட்டர்.

180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாளில் 10 கிராம்தான் ஒரு அளவு. நம் ஊர் ‘ஒண்ணே ஒண்ணு’ அந்தத் தாளில் ஆறு! வாரத்தில் எத்தனை தடவை என்பதற்கு 3 மதிப்பெண், ஒரு நாளில் எவ்வளவு என்பதற்கு 2, ஆறு அளவுக்குக் குறையாமல் எத்தனை தடவை என்பதற்கு 3. மூன்றே கேள்வியில் அவர் 8-ஐத் தொட்டுவிட்டார். எச்சரிக்கைக் கோடே 8தான்.

அந்த மூன்று கேள்விகளையாவது சேர்த்துக் கேளுங்கள். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம்; பதில் அந்த அக்காவிடமிருந்துதான் வரும், அதோடு சண்டையும்.

பிறகு ஐந்து, பத்து நிமிடப் பேச்சு போதும். மதிப்பெண்ணைச் சொல்லி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இது வரவே நாளானது. புத்தி சொல்லிச் சொல்லியே பல வீட்டுக் கதவுகளைச் சாத்த வைத்திருக்கிறேன். குவார்ட்டரைக் கட்டிங் ஆக்குவதா, ஒரு நாளை விடுவதா என்பதை அவரே சொல்லட்டும்.

பத்துக் கேள்விக்கும் சேர்த்து 20-ஐயோ அதற்கு மேலோ தொட்டவருக்கு இந்தப் பேச்சு போதாது. “இன்னையோட நிறுத்துங்க” என்று அவரிடம் சொல்லிவிடவும் கூடாது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பும் பிதற்றலும் வரலாம். நடுக்கடலில் வந்தால் படகில் யார் பார்ப்பது? அவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், கூடவே ஒருவர் போக வேண்டும். போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும் எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசும் இருக்காது. முதல் சுற்றை அப்போது வைத்தால் இரண்டாம் தடவை போய்ப் பார்க்கவும் ஆள் கிடைப்பார்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்