பாட்டிலில் ஒரு கோடு இருக்கிறது: கடலூர் மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று கடலூர் முழுக்க மெடிக்கல் நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், கவுன்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்குகிறவர்கள் நீங்கள்தான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் நாலு வயது மகனுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர், அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக்கொடுத்தார். காலையும் ராத்திரியும் 5 மில்லி, ஐந்து நாளைக்கு. கடையில் (எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்) பவுடர் பாட்டில் இரண்டைக் கவரில் போட்டு, "தண்ணி ஊத்திக் குடுங்கக்கா" என்றார்கள். நானும் வீட்டுக்கு வந்து, இரண்டு பாட்டிலிலும் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். பொறுப்பான அம்மா ஆயிற்றே, ஆறவைத்த வெந்நீர்தான் ஊற்றினேன்!

மூன்றாம் நாளும் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். திரும்பப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?" பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். லேபிள் ஓரத்தில் எறும்பளவில் ஓர் அம்புக்குறி, அதற்கு நேராக ஒரு கோடு. அதுவரைதான் தண்ணீர் நிற்க வேண்டுமாம். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி வைத்திருந்தேன்.

கணக்கு எளிதுதான். அது கலக்கிய பிறகு 30 மில்லி வர வேண்டிய மருந்து. 5 மில்லிக்கு அமாக்சிசிலின் 200 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 28.5, இரண்டையும் கூட்டித்தான் அட்டையில் 228.5 என்று போடுகிறார்கள். என் கைவண்ணத்தில் அது 40 மில்லி ஆகியிருந்தாலே, 200 போக வேண்டிய இடத்தில் 150தான் போயிருக்கும். கிருமி சாகாமல், மருந்துக்குப் பழகிக்கொள்ள வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

கோடு வரை ஊற்றுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்க வேண்டும். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோட்டைத் தொடும் வரை மீதியை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எங்களுக்கு யார் சொல்வது? லேபிளில் இருப்பது ஆங்கிலம், அதுவும் பூதக்கண்ணாடி கேட்கும் அளவில்.

அப்புறம், இரண்டு பாட்டிலையும் நான் ஒரே நாளில் கலக்கியது இன்னொரு தப்பு. அமாக்சிசிலினை உடைத்துப் போடும் நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன. அந்த நொதியை மடக்கி வைப்பதுதான் கிளாவுலானிக் அமிலத்தின் வேலை. ஆனால் தண்ணீர் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட ஆரம்பிக்கும். அதனால்தான் கலக்கிய மருந்தை ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. எனக்கு ஐந்து நாள் மருந்து என்பதால் தப்பித்தேன். பத்து நாள் எழுதி எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கியிருந்தால், கடைசிப் பாட்டிலில் கிளாவுலானிக் அமிலம் குறைந்துபோயிருக்கும்.

சரி, ஃபிரிட்ஜே இல்லாத வீடு? நம் ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜையும் நம்ப முடியாது. 2011இல் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்காக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். இதே கூட்டு மருந்து, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரையாகவும் வருகிறது. பிள்ளைக்குப் பொருந்துமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

நான் கேட்பது இதுதான். முதல் பாட்டிலை முடிந்தால் கவுன்டரிலேயே கலக்கிக் கொடுங்கள். குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கம் பஸ் ஏறிப் போகிறவர்களுக்குப் பவுடராகவே கொடுத்து, கோட்டில் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். கலக்கிய தேதியை எழுத லேபிளில் இடம் காட்டுங்கள். 5 மில்லி கோடு போட்ட மூடி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு. 228.5 இல்லையென்று 457 எடுத்துக் கொடுத்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு இரட்டிப்பு. டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். "பெனிசிலின் ஒத்துக்காம போயிருக்கா?" என்பதையும் கேட்டுவிடுங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால் அந்த நிமிடமே 108. வயிறு கொஞ்சம் இளகிப் போவது இந்த மருந்தில் சகஜம், சாப்பாடு ஆரம்பிக்கும்போது கொடுத்தால் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நாங்களாகப் பயந்து பாதியில் நிறுத்த மாட்டோம். ரத்தம் கலந்து போனால் அது வேறு கதை, டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

எங்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. போன வருஷச் சீட்டை நீட்டி "அதே டானிக் குடுங்க" என்போம். மூக்கு ஒழுகினாலே ஆன்டிபயாட்டிக் கேட்போம். சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. முதல் பாட்டிலில் காய்ச்சல் விட்டதும் இரண்டாவதை பீரோவில் வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுப்போம். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் தர மறுத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவோம், தெரியும். போனால் போகட்டும், கொடுக்காதீர்கள். அடுத்த கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

மகனுக்கு டாக்டர் புது பாட்டில் எழுதி, கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அதையும் அதே கடையில்தான் வாங்கினேன். இந்தத் தடவை பாட்டிலை அங்கேயே பிரித்து, "கோடு எங்க தம்பி?" என்று கேட்டேன். அந்தத் தம்பியும் கொஞ்ச நேரம் தேடித்தான் காட்டினார்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா