மின்சாரம் போகும் முன்பே சொல்லுங்கள்

மின்வழங்கல் நிறுவனத்தாருக்கும் பேரிடர் மேலாண்மை அலுவலர்களுக்கும்,

வணக்கம். கடந்த பனிப்புயலுக்கு முந்தைய மாலை தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி இரண்டே வரி: கடும் புயல் வருகிறது, தயாராக இருங்கள். எதற்குத் தயாராவது, எப்படித் தயாராவது என்று ஒரு சொல்லும் இல்லை. கரி, பெட்ரோல், கேஸ் எரியும்போது வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றிய எச்சரிக்கை மூன்றாம் நாள்தான் இணையதளத்தில் ஏறியது. அதற்குள் மின்சாரம் போய் இரண்டு இரவு கழிந்துவிட்டது. வைஃபை இல்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. யாருக்கு அந்த எச்சரிக்கை தேவைப்பட்டதோ அவர்களால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை, மின்சாரம் போகும் முன்பே, மக்கள் வீட்டில் பேசும் மொழிகளில், கைப்பேசிக்கு வர வேண்டும்.

இந்த வாயுவைப் பற்றி நாங்கள் தங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறமில்லை, மணமில்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆனால் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல். குளிர் தாங்காத அலுப்பு என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். காய்ச்சலே இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் தெளிந்தால், அது அலுப்பு அல்ல. இந்த ஒன்று தெரிந்தவர் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியே ஓடி அவசர உதவியை அழைப்பார். தெரியாதவர் தூங்கிப்போவார்.

கரி அடுப்பை உள்ளே கொண்டுவருபவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. கரி சிவந்து கனலத் தொடங்கியதும் புகை நின்றுவிடுகிறது. புகை இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்புகிறார்கள். வாயுவோ வந்துகொண்டே இருக்கிறது, சாம்பல் மூடிய பிறகும். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் போதாது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வீசிய புயலுக்குப் பின் நடந்தது இதுதான். வீட்டுக்குள் கரி எரித்து நஞ்சேறியவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அங்கே ஒரு நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட்டது. உயிர்கள் போன பிறகு செய்ததை, போகும் முன்பே செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஜெனரேட்டர் விஷயத்திலும் ‘வெளியே வைக்கவும்’ என்பது போதாது. கராஜ் கதவைத் திறந்து வைத்தால் அதுவே வெளி என்று நினைக்கிறார்கள். கதவு, சன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும் என்று எண்ணோடு சொல்லுங்கள். 20 அடி தள்ளி வைக்க நீளமான, தடித்த, வெளியில் பயன்படுத்தத் தக்க ஒயர் வேண்டும். அது கையில் இல்லாததால்தான் பலர் ஜெனரேட்டரை வாசலுக்கு இழுத்துவருகிறார்கள். ஒயரை வாங்க, கடை திறந்திருக்கும்போதே தெரிய வேண்டாமா?

கரியும் ஜெனரேட்டரும் இல்லாத வீட்டிலும் ஆபத்து உண்டு. சுவரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கேஸ் ஹீட்டர் புகைக்குழாயைப் பனி மூடினால் வாயு உள்ளே திரும்பும். பனியில் புதைந்த காரின் சைலன்சரும் அப்படித்தான். அதைச் சுற்றித் தோண்டாமல் என்ஜினை ஓட்டக் கூடாது. படுக்கையறைக்கு அருகே, ஒவ்வொரு மாடியிலும், பேட்டரியில் இயங்கும் அலாரம் வேண்டும். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. முதுகில் அச்சிட்ட தேதி கடந்திருந்தால் புது பேட்டரி போட்டும் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘இன்னும் 4 மணி நேரத்தில் மின்சாரம் வரும்’ என்ற அறிவிப்பை இரண்டு நாளும் தள்ளித் தள்ளி அனுப்பினீர்கள். அதை நம்பியவர்கள் வேறிடம் போகவில்லை. மெயின் வால்வை மூடிக் குழாய்களில் இருந்த நீரை வடிக்கவும் இல்லை. குழாய் உறைந்து வெடித்தது. ஆக்சிஜன் கருவியோடு வாழும் நோயாளியின் குடும்பம் மாற்று சிலிண்டரை எண்ணி எண்ணிக் காத்திருந்தது. கடைசியில், நள்ளிரவில், சாலை மூடிய பிறகு, கரி மூட்டையைப் பிரித்தார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் புயலால் இறந்தவர்கள் 246 பேர் என்று அந்த மாநில அரசே கணக்கிட்டது. மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குளிர். எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். 72 மணி நேரமாகலாம் என்று சொன்னால் கோபிப்போம், ஆனாலும் கிளம்பிவிடுவோம்.

உறைபனியில் கம்பம் ஏறும் லைன்மேன்கள் மீது எங்களுக்குக் குறையே இல்லை. அவர்களைக் காக்கவும் ஒரு வரி சேருங்கள்: ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிக் கம்பியில் கை வைத்தவரைக் கொல்லும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டிய செய்தியை நாங்களே எழுதியிருக்கிறோம். தங்கள் வல்லுநர்கள் திருத்திக்கொள்ளலாம்:

‘மின்சாரம் பல நாள் நிற்கலாம். வீட்டுக்குள் கரி எரிக்காதீர்கள். கேஸ் அடுப்பால் அறையைச் சூடாக்காதீர்கள். ஜெனரேட்டர் 20 அடி வெளியே. எல்லோருக்கும் தலைவலி என்றால் உடனே வெளியேறி அவசர உதவியை அழையுங்கள். கதகதப்பு மையங்களின் முகவரி கீழே.’

பிற மொழிகளில் பெயர்த்துத் தர ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். அடுத்த குளிர்காலம் தொடங்கும் முன், எந்தெந்த மொழிகளில், புயலுக்கு எத்தனை மணி நேரம் முன்பு இச்செய்தி வரும் என்று எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மின் இணைப்பில் வாழும் குடும்பங்கள்