மகளுக்கு, வேர் நுனி குறித்து

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்குக் கால் வலி குறைந்திருக்கிறது. நீ பேசி மூன்று ஞாயிறு கடந்துவிட்டன. ஆய்வகத்தில் வேலை மிகுதி என்று நானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

நீ அனுப்பிய அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் வேர்ப் படத்தை நேற்றும் எடுத்துப் பார்த்தேன். நுனியைக் காக்கும் உறையான வேர் மூடியில் மாவுமணிகள் கருநீலமாக நிற்க, அரிதாகவே பகுப்படையும் செல்கள் கொண்ட அமைதி மையத்தை ஒட்டிய ஒரே ஒரு வரிசையில் மட்டும் அயோடின் நிறம் ஏறவில்லை. அந்த வரிசையில் உள்ள, பகுப்படைந்து புதிய செல்களைத் தரும் குருத்துச் செல்களை முதிரவிடாமல் வைத்திருப்பது அமைதி மையம் அனுப்பும் குறிப்புதான் என்பதை, நீ இருக்கும் அதே நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். மையத்தின் ஒரு செல்லை லேசரால் அழித்ததும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த குருத்துச் செல் பகுப்படைவதை நிறுத்தி மாவுமணிகளைச் சேர்த்துக்கொண்டது. முதிர்ந்த செல்களும் சும்மா இருப்பதில்லை, கிளீ40 என்னும் சிறு பெப்டைடைச் சுரந்து குருத்துச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன என்று நீ விளக்கியதை, அடுத்த வீட்டு ஆசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த உனக்கு, நலம் என்று ஒரு வரி எழுதவா நேரமில்லை? மதியம் சாப்பிடுகிறாய்தானே?

முப்பத்தொரு ஆண்டுகள் ஜெர்மன் தாவரவியலாளர் ஹேன்ஸ்டீனின் 1868-ஆம் ஆண்டுக் கொள்கையைக் கரும்பலகையில் வரைந்து, எந்த அடுக்கில் பிறந்ததோ அந்தத் திசுவாகவே செல் ஆகும் என்று நடத்தினேன். அழிந்த செல்லின் இடத்துக்குள் நகர்ந்துவரும் பக்கத்துச் செல், தன் பழைய வழியை விட்டு அந்த இடத்துக்குரியதாகவே மாறிவிடுகிறது, ஆகவே பிறப்பு தீர்மானிப்பதில்லை என்று கல்லூரி இரண்டாம் ஆண்டில் நீ சொன்னபோது, பெரியப்பா முன்னால் உன் வாயை அடைத்தேன். நீ சொன்னதே சரி என்பது அன்றிரவே எனக்குத் தெரியும். தை மாதம் நீ வேறொன்றைச் சொல்ல வந்தபோதும் அதே குரலில்தான் பேசினேன். அந்தக் குரல் என்னுடைய தவறு, கயல்.

சென்ற வாரம் மக்காச்சோள விதைகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து, எட்டு வேர்களின் மூடியை ஊசியால் கழற்றினேன். மூடி போனதும், அதுவரை எப்போதோ ஒருமுறை பகுப்படைந்துகொண்டிருந்த அமைதி மையச் செல்கள் விரைந்து பகுப்படையத் தொடங்கும் என்று படித்திருந்தேன். இன்று காலை லென்ஸில் பார்த்தபோது ஆறு வேர்களில் புதிய மூடி தெரிந்தது; இரண்டு பழுப்பேறிவிட்டன. பார்த்ததை வரைந்து உடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் கூப்பிட்டுச் சொல். தை மாதம் நீ சொல்ல வந்த அவரும் அருகில் இருந்தால், அவரிடமும் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா