கடற்கரைக் குதிரையோட காலையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கடற்கரையில ஒரு சின்னப் பிள்ளை குதிரை மேல உக்காந்து சிரிக்கிற போட்டோ வந்திருந்துது, எல்லாரும் பிள்ளையைத்தான் பாத்திருப்பாங்க, எனக்கு கண்ணு நேரா குதிரையோட பின்னங்காலுக்குத்தான் போச்சு. குளம்புக்கு மேல பின்பக்கப் பள்ளத்துல பக்கு கட்டி, முடியெல்லாம் ஒட்டிப்போய் இருக்கு. 30 வருஷம் கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், எழுதாம இருக்க மனசு வரல.

ரெண்டு வருஷம் முன்னாடி இங்கிலாந்துல நர்ஸா இருக்கிற மக வீட்டுல ஆறு மாசம் இருந்தேன். பக்கத்துப் பண்ணையில ஒரு ஷயர் குதிரை. ஷயர், கிளைட்ஸ்டேல், ஜிப்ஸி காப், இந்த ஜாதிக்கெல்லாம் முழங்காலுக்குக் கீழ குளம்பை மூடுற அளவுக்கு முடி தொங்கும், பாக்க அவ்வளவு அழகு, ஆனா அந்த முடிக்குள்ள ஈரம் லேசுல காயாது. கோரியாப்டிஸ்னு ஒரு பொடி சொறிப்பூச்சி அங்க குடியேறிடும், குதிரை ராத்திரியெல்லாம் காலைத் தரையில அடிச்சிட்டே இருக்கும், பல்லால கடிச்சு கடிச்சு புண்ணாக்கும். வாய் வழியா குடுக்கிற ஐவர்மெக்டின்ங்கிற பூச்சி மருந்து இதுக்கு சரியா கேக்காது, ஏன்னா பூச்சி தோலுக்குள்ள போகாம மேலேயே இருந்து செதிலைத் தின்னுது. முடியை ஒட்ட வெட்டி மேல மருந்து போடணும், முட்டை பொரிஞ்சு திரும்ப வரும்ங்கதால 2, 3 வாரத்துல மறுபடி போடணும், கூட நிக்கிற குதிரைக்கும் சேத்து, படுக்கிற வைக்கோலையும் மாத்தணும். ஒண்ணு விட்டாலும் வந்துடும்.

அந்தக் குதிரைக்கு இன்னொரு கோளாறும் உண்டு, கால் வீங்கி மடிப்பு மடிப்பா, கட்டி கட்டியா கெட்டியாப் போயிருந்துது. நிணநீர் சரியா ஓடாம காலுலயே தங்கிடுது, 2003-லதான் டேவிஸ்ல இருக்கிற கலிபோர்னியா யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காரங்க இதை விவரமா எழுதினாங்க. எங்க பெரியம்மாவுக்கு யானைக்கால் இருந்துது, பாத்த உடனே அவங்க காலுதான் ஞாபகம் வந்துது. காரணம் வேற, யானைக்கால் கொசு கடிச்சு புழுவால வருது, குதிரைக்கு அந்த ஜாதியிலேயே வருது, கொசு இல்ல. ஆனா பராமரிப்பு அச்சு அசல் ஒண்ணுதான். பெரியம்மாவுக்கு பேசினும் சோப்பும் துண்டும் குடுத்து, தினம் கழுவுங்க, மடிப்புக்குள்ள ஈரமில்லாம ஒத்தி எடுங்க, காலை ஆட்டிட்டே இருங்கன்னு சொன்னாங்க. அந்தக் குதிரைக்காரியும் அதையேதான் செஞ்சா, தினம் நடக்க விட்டு, முடியை வெட்டி, கட்டு போட்டு. முழுசா குணமாகாதுன்னு அவளுக்குத் தெரியும், இருந்தும் ஒருநாள் கூட விடல.

நம்ம குதிரைக்கு அந்தளவு முடி கிடையாதுதான். ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, நடுவுல கடல் தண்ணி, சகதி, எப்பவும் கால் நனைஞ்சே இருந்தா தோல் ஊறி வெடிக்கும், அதுல டெர்மடோஃபிலஸ்னு ஒரு பாக்டீரியா ஏறிடும். கடல்ல இறக்கினா புண்ணு ஆறிடும்னு நெனைக்காங்க, கரையேறின பிறகு நல்ல தண்ணியில கழுவித் துடைக்கலைன்னா மண்ணு வெடிப்புக்குள்ள உரசிட்டே கிடக்கும். இன்னும் சிலர் வண்டியில இருந்து எடுத்த பழைய ஆயிலைப் பூசுதாங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, தோல் வெந்துபோகும். காய்ஞ்ச பக்கைப் பிச்சு எடுக்கவும் வேண்டாம். சர்வீஸ்ல சேந்த புதுசுல நானே அப்படிப் பிச்சிருக்கேன், ரத்தம் கொட்டுச்சு, அந்தக் குதிரை ஒரு வாரம் காலைத் தொட விடல, இன்னிக்கும் அது மனசுல கிடக்கு. முடியை வெட்டி, மாட்டாஸ்பத்திரியில டாக்டர்கிட்ட காட்டி அவர் சொன்ன அளவுல குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி கலக்கி 10 நிமிஷம் ஊற விட்டா தானா இளகி வரும். அப்புறம் கழுவி, நல்லா துடைக்கணும், துடைக்கிறதுதான் இதுல பாதி வைத்தியம். கால் வீங்கி நொண்டினா அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும்.

சவாரி விடுற தம்பிகள் மேல எனக்குக் கோவம் இல்ல, அன்னாடம் ஓட்டினாத்தான் அவங்களுக்கும் சோறு, குதிரைக்கும் கொள்ளு. கால்நடைத் துறை மாசம் ஒருக்க கன்னியாகுமரி, சொத்தவிளை, முட்டம்னு கடற்கரைக்கே வந்து குதிரைகளைப் பாக்கணும், மழைக்காலத்துல நிக்கதுக்கு சகதி இல்லாம மேடா ஒரு கூரைக் கொட்டகை போட்டுக் குடுக்கணும். அதுவரைக்கும் யாராவது கூப்பிட்டா நான் வாரேன். கத்தரிக்கோலும் பழைய துண்டும் பையில எடுத்து வச்சிருக்கேன், முடி வெட்டவும் காலைத் துடைக்கவும் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கேன்.

இப்படிக்கு,
சுசீந்திரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்